டிரைவர் பக்கத்துச் சீட்டு

மணிவண்ணனுக்கு ஒரு பேருந்தின் மேல் பொறாமை.

மனுஷன் மேல் என்றால் ஆற்றிக்கொள்ள வழி உண்டு. டீக்கடையில் அவன் பேச்சை எடுத்து நாலு வார்த்தை சொன்னால் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கும். முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய, பின்படிக்கட்டுக் கம்பி ஆடுகிற ஒரு டவுன் பஸ்ஸைப் பற்றி என்னவென்று பேசுவது? தாமலிலிருந்து கிளம்பி, காலை எட்டே முக்காலுக்குப் பிள்ளையார்பாளையம் முனையில் நின்று, காந்தி ரோடு வழியாகச் சின்ன காஞ்சிபுரம் போகும். பெண்களுக்குக் காசு கிடையாது. சுகாசினி அதில்தான் வேலைக்குப் போகிறாள். சுகாசினி அவன் மனைவி. அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அதே சாலை, அதே நேரம்.

முன்பெல்லாம் அவள் அவன் வண்டியில்தான் போவாள். பின்னால் ஆறு பேர் எதிரெதிராக முழங்கால் இடிக்க உட்காருவார்கள். முன்னால் டிரைவருக்கு இடப்பக்கம் ஒரு பலகை அளவு இடம் உண்டு. ஒருவர் ஒருக்களித்து உட்காரலாம். அந்த இடத்துக்கு மட்டும் மணிவண்ணன் தனியாகப் பஞ்சு வைத்து மெரூன் ரெக்சின் தைத்திருந்தான். சுகாசினி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்காருவாள். காந்தி ரோட்டுப் பட்டுக் கடை ஒன்றில் புடவை எடுத்துக் காட்டுகிற வேலை. போகும் வழியெல்லாம் பேசுவாள். எந்த ஊர்க்காரி எழுபது புடவையைப் பிரிக்கவைத்துவிட்டு 'அப்புறம் வர்றோம்' என்று போனாள், முதலாளிக்கும் மருமகளுக்கும் என்ன சண்டை, பெண் ஜோதிகாவுக்குக் கணக்கில் ஏன் மார்க் குறைந்தது. வீட்டில் பேச முடியாது. ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் தறி, இன்னொரு சுவருக்கு அந்தப்பக்கம் வீட்டுச் சொந்தக்காரரின் டிவி. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது அந்த இருபது நிமிஷம்தான்.

பெண்களுக்கு இலவசம் என்று பஸ் வந்த பிறகும் கொஞ்ச நாள் அவள் ஆட்டோவில்தான் வந்தாள். ஒரு நாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் இனிமே பஸ்ல போயிடறேன்யா. ஃப்ரீ தானே" என்றாள்.

"என் வண்டில மட்டும் காசா கேட்டேன்?"

அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அந்த ரெக்சின் இடத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். ஜரிகைக் கடை கணக்குப்பிள்ளை, கட்டிட மேஸ்திரி, ஓரிக்கையில் இறங்குகிற ஒரு போலீஸ்காரர். மணிவண்ணன் அவர்களோடு ஒன்றும் பேசுவதில்லை.

இந்த நேரத்தில்தான் ப்ரஹ்லாத் அவன் வண்டியில் ஏற ஆரம்பித்தான். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் பக்கத்து வீடு. அப்பா தேவராஜன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ப்ரஹ்லாத் சென்னையில் ஏதோ முதலீட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மிச்ச நாள் வீட்டிலிருந்தே. அந்த மிச்ச நாட்களில் பொருளாதாரம் பற்றி யூடியூபில் பேசுவான். ஆபீஸ் நாட்களில் ஆட்டோ திரும்பும் ட்ரிப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டு வரை அதையே மணிவண்ணனிடம் பேசுவான்.

"அரசாங்கத்துக்குன்னு சொந்தமா ஒரு பைசா கிடையாது அண்ணா. ஒண்ணு உங்ககிட்ட வரியா வாங்கணும். இல்ல கடன் வாங்கணும், அதையும் நாளைக்கு உங்க பொண்ணுகிட்டதான் வசூல் பண்ணணும். இல்லன்னா நோட்டு அடிக்கணும்."

"நோட்டு அடிச்சா நல்லதுதானே தம்பி?"

"உங்க பாக்கெட்ல நூறு ரூபா நூறாவே இருக்கும். வாங்கற சாமான் குறைஞ்சிடும். அதுவும் வரிதான். ரசீது குடுக்காத வரி."

மணிவண்ணன் யோசித்துக்கொண்டே ஒரு மாட்டைச் சுற்றி வண்டியை ஒடித்தான். பேச்சு அவனுக்குப் புதிதாக இல்லை, தெரிந்த ஒன்றைத் துடைத்துக் காட்டியதுபோல் இருந்தது. தங்கம் ஏறினால் ஜரிகை ஏறும். ஜரிகை ஏறினால் புடவை ஏறும். மூன்று புடவை எடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் ஒன்றோடு திரும்புவார்கள், இவனுக்கு ஒரு ட்ரிப் குறையும். டாலர் ஏறினால் டீசல் ஏறும். ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபோது இந்த ஊரில் யாரும் யாருக்கும் எதையும் இலவசமாகக் கொடுக்கவில்லை. பையன்கள் சம்பளம் வாங்கினார்கள், வண்டி நிரம்பியது. அந்த வருஷத்தில்தான் இவன் பழைய வண்டியை விற்று இதை எடுத்தான். வளர்ச்சி என்று ப்ரஹ்லாத் சொல்வது அதைத்தான் என்று அவனுக்குப் புரிந்தது.

"இப்போ நீங்க டீசல் போடறீங்க இல்லையா," என்றான் ப்ரஹ்லாத். "அதுல வரி கட்டறீங்க. அந்த வரிலதான் அந்த பஸ் ஓடறது. உங்க போட்டிக்காரனுக்கு நீங்களே டீசல் போட்டு அனுப்பறீங்க."

மற்றதெல்லாம் காதில் விழுந்து போயிற்று. இது மட்டும் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. தன் டீசலில் ஓடுகிற பஸ், தன் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு, தன்னைத் தாண்டிப் போகிறது.

பிறகு ஸ்டாண்டில் அவன் வாய் ஓயவில்லை. டீ குடிக்கும்போதும் வரி, டயர் மாற்றும்போதும் வரி. ஸ்டாண்டுத் தலைவர் வேலாயுதம், "மணிய நிதி மந்திரி ஆக்கிட்டாங்கபா, சொல்லவே இல்ல" என்பார்.

கலியாணசுந்தரம் வண்டிதான் ஸ்டாண்டில் புதுசு. பாட்டுப் பெட்டியெல்லாம் வைத்திருப்பான். அவன் தன் லுங்கியைத் தூக்கிக் காட்டினான். "என் ஊட்டுக்காரி கவர்மெண்டுல மாசம் ஆயிரம் வாங்குறா இல்ல, அதுல எடுத்துக் குடுத்தது இது. உன் டீசல் காசுதானே மணி? கும்புட்டுக்கிறேன். சாயம் போவாம இருந்தா சரி."

"சிரிங்கடா. சும்மா வர்றது எதுவும் சும்மா இல்ல. எவனோ ஒருத்தன் குடுத்துக்கினுதான் இருக்கான். அவன் கண்ணுக்குத் தெரியமாட்டான், அவ்ளோதான்."

"உன் பொண்ணு ஓட்டுற இஸ்கூல் சைக்கிளு யாரு குடுத்தது?" என்றான் கலியாணசுந்தரம்.

"அதையும்தான் சொல்றேன். என்கிட்ட வாங்காம இருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பேன்."

"நீயா," என்றார் வேலாயுதம். "வாங்கிக் குடுத்திருப்ப, வாங்கிக் குடுத்திருப்ப. போய் டர்னைப் பாரு."

டர்ன் என்றால் வரிசை. முதலில் வந்த வண்டி முதலில் நிரம்ப வேண்டும். அது கிளம்பாமல் அடுத்தது ஆளைக் கூப்பிடக் கூடாது. முனை நிறுத்தத்தில் நின்று ஏற்றக் கூடாது. எல்லாருக்கும் ஒரே ரேட்டு. யார் உருவாக்கியதென்று தெரியாது, இருபது வருஷமாக அப்படித்தான். ஒரு நாள் ப்ரஹ்லாத் அதையும் விட்டுவைக்கவில்லை.

"கோபப்படக் கூடாது அண்ணா. உங்க ஸ்டாண்ட் டர்னும் அதே கதைதான். யார் நன்னா ஓட்டறாரோ, யார் மரியாதையா பேசறாரோ, யார் குறைச்சலா கேக்கறாரோ, அவர் வண்டிதானே நிரம்பணும்? வரிசைல நிக்கறார்ங்கறதுக்காக ஏன் நிரம்பணும்?"

"அது ஒரு கட்டுப்பாடு தம்பி."

"பஸ் விடறவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க."

மணிவண்ணன் அன்று முழுக்க அதை மென்றுகொண்டிருந்தான்.

ஐப்பசித் தூறல் பிடித்துக்கொண்டது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறிக்கான பாவு நூலை நீட்ட முடியாமல் நெசவுக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலை மணிவண்ணன் வண்டி வரிசையில் நாலாவதாக நின்றது. பக்கவாட்டுத் தார்ப்பாயை இறக்கிக் கட்டிக்கொண்டே நிறுத்தத்தைப் பார்த்தான். சுகாசினி குடைக்குள் இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு நின்றாள். என்னவோ சொல்லிச் சிரித்தாள். குடை குலுங்கியது. முந்தின நாள் அதே இடத்தில், பஸ் கண்டக்டர் படியிலிருந்து கையை நீட்டி அவளுடைய சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டதை அவன் பார்த்திருந்தான். காக்கிச் சட்டைக் கை மட்டும்தான் தெரிந்தது. வாங்கிய விதத்தில் பழக்கம் தெரிந்தது. ராத்திரியெல்லாம் அந்தக் கை அவன் கண்ணில் நின்றது.

என்ன செய்கிறோம் என்று யோசிக்குமுன் வண்டியைக் கிளப்பிவிட்டான். முன்னால் நின்ற மூன்று வண்டிகளையும் சுற்றிக்கொண்டு போய் நிறுத்தத்தில் நிறுத்தினான்.

"பஸ் ஸ்டாண்டு, காந்தி ரோடு, சின்ன காஞ்சிபுரம். அஞ்சு ரூபா. எங்க எறங்கினாலும் அஞ்சு ரூபா."

பாதி ரேட்டு. குடைகளெல்லாம் அவன் பக்கம் திரும்பின. யாரும் ஏறவில்லை.

"அஞ்சு ரூபாவா?" என்றாள் கீரைக்கூடை வைத்திருந்த ஒருத்தி. "எதுக்கு? பஸ்ஸு வருதுபா, அது சும்மா."

"பஸ்ஸு இந்த மழைல எப்ப வருமோ."

"அதோ வருது."

மணிவண்ணன் சுகாசினியைப் பார்த்தான். "ஏறு."

"இன்னாயா இது? உன் டர்னா இப்போ?"

"ஏறுன்றேன்ல."

"பஸ்ஸு வந்துடுச்சியா." அவள் குரல் தணிவாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை பேரும் கேட்டார்கள்.

பஸ் பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவன் வண்டி அதற்கு வழியை மறித்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஓரம் போப்பா, பொம்பளைங்க நனையறாங்க" என்றார். பெண்கள் ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு சேற்றில் கால் வைத்துப் பஸ்ஸில் ஏறினார்கள். சுகாசினி கடைசியாக ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

டீக்கடைத் தகரத்தின் கீழ் விசாரணை நடந்தது. வேலாயுதம் பன்னை டீயில் தோய்த்துத் தின்று முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"டர்ன உடைச்ச, சரி. பிரசவ கேஸு, ஆஸ்பத்திரி கேஸுன்னா நாங்களே வழி விடுவோம். ரேட்ட எதுக்கு உடைச்ச?"

"போட்டின்னா போட்டிதான். எவன் கொறைச்சிக் கேக்குறானோ அவனுக்கு ஆளு."

"நாளைக்கு நான் நாலு ரூபா கேப்பேன். கலியாணம் மூணு கேப்பான். நாலாவது நாளு எல்லா வண்டியும் கடன் குடுத்த சேட்டு ஊட்டு வாசல்ல நிக்கும்."

"நல்லா ஓட்டுறவன் நிப்பான்."

"போன வருஷம் டைஃபாய்டுல நீ படுத்துக் கெடந்த. உன் டர்ன்ல யாரு வண்டி ஓட்டிக் காசைக் கொண்டாந்து சுகாசினி கையில குடுத்தது? உன் போட்டி வந்து குடுத்துச்சா?"

மணிவண்ணனுக்கு முகம் சுருங்கியது. ஆனால் விடவில்லை. "சரிபா. யேசுதாஸு எட்டு மாசமா காலி வண்டில செவிலிமேடு பக்கம் சுத்திக்கினு கெடக்கான். ஸ்டாண்டுல சேத்துக்கோன்னு உன் கால்ல உழாத கொறை. நீ ஏன் சேக்கல? அவனுக்குப் புள்ளகுட்டி இல்லியா?"

மழை தகரத்தில் விழுந்தது. கலியாணசுந்தரம் தன் வண்டிப் பக்கம் பார்த்தான்.

"அது வேற," என்றார் வேலாயுதம்.

"அவனவனுக்கு வந்தா அது வேறதான்."

"மூணு நாளு வண்டிய எடுக்காத. போ."

மறுநாள் காலை மணிவண்ணனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சமையல் மேடைக்கு எதிரே முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுகாசினி கத்திரிக்காயை எண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தறி ஆரம்பித்துவிட்டது. ஜோதிகா சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு, அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு டியூஷனுக்குப் போனாள்.

"கண்டக்டரு எந்த ஊரு?" என்றான்.

"எந்தக் கண்டக்டரு?"

"உன் பைய வாங்கி வெக்கிறானே, அவன்."

கரண்டி நின்றது. "உமாபதி அண்ணனா? தாமல். ஏன், சம்பந்தம் பேசப் போறியா?"

"சிரிச்சிக்கினு வாங்கறான்."

"அழுதுக்கினு வாங்கணுமா? கூட்டத்துல கொழம்பு கொட்டிடும்னு வாங்கி இன்ஜின் மேல வெக்கிறாரு. கீரைக்கூடைய வாங்கறாரு, பூக்கூடைய வாங்கறாரு. அதெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியல."

"நாலு வருஷமா என் கூட வந்துக்கினு இருந்த."

"ஆமா."

"எது கொறைச்சலா போச்சு? பஞ்சு வெச்சி சீட்டு தெச்சிக் குடுத்தேன். ஒரு பைசா கேட்டதில்ல."

"இன்னா சும்மா சும்மா பைசா கேட்டதில்ல, பைசா கேட்டதில்லன்ற." அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். "உன் வண்டில ஏறினா சும்மான்னு யாரு சொன்னது உனக்கு?"

"பின்ன? காசு குடுத்தியா?"

"எதுவுமே சும்மா இல்ல, எவனோ ஒருத்தன் குடுத்துக்கினு இருக்கான்னு ஊரெல்லாம் பேசற. கடை வரைக்கும் வந்துடுச்சி உன் பேச்சு. உன் வண்டிக்கு மட்டும் அது கெடையாதா? போய் உனக்குப் பாடம் சொல்ற அந்த ஐயங்கார் தம்பியக் கேளு."

அவன் அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டான். தன் பேச்சைக் கேட்டுக்கொண்டே வருவதுதான் அந்தச் சீட்டுக்குக் கூலி என்கிறாள் போலும். "நான் பேசறது உனக்கு அவ்ளோ பாரமா?"

சுகாசினி என்னவோ சொல்ல வாயெடுத்து, புளித்தண்ணீரைச் சட்டியில் ஊற்றினாள். சுர்ரென்று ஆவி எழும்பியது.

"எனக்கு பஸ்ஸு புடிச்சிருக்குதுயா. அவ்ளோதான். ஜன்னலோரம் உக்காந்தா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. நாள் பூரா கடையில 'அக்கா அத எடு, இத எடு'. ஊட்டுக்கு வந்தா நீங்க. நடுவுல அந்தக் கொஞ்ச நேரம். அதுக்கும் கணக்குக் கேட்டா எப்படி?"

"அந்தக் கொஞ்ச நேரம் என்னுதா இருந்துச்சி," என்றான் மணிவண்ணன்.

அவள் டிபன் டப்பாவை மூடினாள். அவனுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பை நடுவில் குழித்து ஊற்றி, எண்ணெய் மிதக்கிற இரண்டு கத்திரிக்காயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். அவனுக்குப் பிடித்ததென்று காம்போடு வைப்பாள். அவன் ஆறும் வரை அதைத் தொடவில்லை.

இரண்டாவது நாள் அவன் ஒரு வேலை செய்தான். முனை நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்துக்கு நடந்தே போய், அங்கே பஸ் ஏறினான். பின்படி வழியாக ஏறிக் கடைசி வரிசையில் இரண்டு ஆம்பளைகளுக்கு நடுவே உட்கார்ந்தான். பஸ் முழுக்கப் பெண்கள். ஈரக் குடை, மல்லிகை, கீரைக்கட்டு, நாலு விதமான சாப்பாட்டு வாசனை. இந்தச் சாலையில் பதினாறு வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறான். இவ்வளவு உயரத்திலிருந்து அதைப் பார்த்ததில்லை.

கண்டக்டர் வந்தார். கிட்டத்தில் பார்த்தால் ஐம்பத்தைந்து வயசிருக்கும். சாயம் போன மயிருக்கு அடியில் வெள்ளை. கழுத்தில் தைல வாசனை.

"எங்கபா?"

"சின்ன காஞ்சிபுரம்."

"பத்து குடு. சில்லறையா குடு. இந்த வண்டில காசு குடுக்கிறது உன்ன மாதிரி ஏழெட்டு பேருதான், சில்லறைக்கு நான் எங்க போவேன்?" டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தோளைப் பிசைந்துகொண்டே நகர்ந்தார். மணிவண்ணன் மனதில் நின்ற கை அந்தத் தோளில் பொருந்தவில்லை. ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முனையில் சுகாசினி முன்படி வழியாக ஏறினாள். கூட்டத்தில் அவனைப் பார்க்கவில்லை. பை கைமாறி இன்ஜின் மேல் போய் உட்கார்ந்தது. அவளுக்கென்று யாரோ பிடித்து வைத்திருந்த ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். பஸ் மார்க்கெட் நிறுத்தத்தில் நின்றபோது ஒரு மாமி காய்கறிப் பையோடு ஏறி, நேராக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மணிவண்ணன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். ப்ரஹ்லாதின் அம்மா ஹேமாம்புஜம். பிள்ளை அரசாங்கச் செலவைப் பற்றிப் பேசுகிற வீட்டுக்கு ஒரு தரம் அரிசி மூட்டை இறக்கியிருக்கிறான்.

"ஏண்டிம்மா சுகாசினி," என்றார் ஹேமாம்புஜம். அவருக்குக் குரல் தணித்துப் பேச வராது. "ரெண்டு நாளா உங்காத்துக்காரர் வண்டியையே காணோமே. உன் எடத்துல யார் உக்காந்திருக்கான்னு பாக்கவே முடியலையே."

"வண்டி எடுக்கலம்மா. ஸ்டாண்டுல நிறுத்தி வெச்சிட்டாங்க."

"என்ன எடம்?" என்று நின்றுகொண்டிருந்த ஒரு புதுப் பெண் கேட்டாள்.

கீரைக்கூடைக்காரி சொன்னாள். "அவ ஊட்டுக்காரரு ஷேர் ஆட்டோ. டிரைவர் பக்கத்துல ஒரே ஒரு சீட்டு. இவ அதுல குந்திக்கினு போனா ஒரு ஆளு காசு போச்சில்ல? அதுக்குத்தான் இறங்கி நம்ம கூட வந்துட்டா. டெய்லி அந்த வண்டி தாண்டிப் போவும், இவ எட்டிப் பாப்பா. அந்த சீட்டுல ஆளு இருந்துச்சின்னு வெச்சிக்கோ, மூஞ்சி மலரும். காலியா போச்சின்னா எறங்குற வரைக்கும் உம்முனு வருவா. இப்ப நாங்களே பாத்து சொல்லிடுவோம், 'ஏய் சுகா, மேஸ்திரி குந்திக்கினு போறாரு'ன்னு."

"போக்கா," என்றாள் சுகாசினி. சிரித்தாள். "அதுக்கு மட்டும் வர்றேன்னு சொல்லாத. எனக்கு இதுல வர்றது புடிச்சிடுச்சி."

"என் பிள்ளையும்தான் தினம் கத்தறான், இலவச பஸ்ல போகாதேம்மா, தேசமே முழுகிப்போறதுன்னு. அவன் சொல்றது சரியாவே இருக்கட்டும். பெருமாள் கோயில்லேர்ந்து மார்க்கெட்டுக்கு அவனா நடக்கறான்?" ஹேமாம்புஜம் பையை மடியில் ஏற்றிக்கொண்டார். "அது இருக்கட்டும். நீ உன் ஆத்துக்காரர்கிட்ட இதைச் சொல்லிட வேண்டியதுதானே? மனுஷன் என்னவோ நெனச்சுண்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கார்ங்கறே."

"சொன்னா அவ்ளோதான்மா. அந்த சீட்டுல ஒருத்தர ஏத்தமாட்டாரு. எனக்குன்னு காலியாவே ஓட்டிக்கினு வருவாரு. அவரு அந்த மாதிரி ஆளு. பேசறதுதான் கணக்கு."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். மணிவண்ணனுக்குப் பக்கத்திலிருந்த ஆம்பளையும் சிரித்தான். மணிவண்ணன் கையிலிருந்த டிக்கெட்டை இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான்.

அப்போது வலப்பக்கத்தில் பாட்டுச் சத்தத்தோடு கலியாணசுந்தரத்தின் வண்டி பஸ்ஸைத் தாண்டியது. பின்னால் ஆறு பேர். முன்னால் ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர், ஒருவன் பாதி வெளியே. வண்டி எடுக்காத மணிவண்ணனின் ஆட்களும் அதில் இருந்தார்கள். ஜரிகைக் கடை கணக்குப்பிள்ளையின் வழுக்கை தெரிந்தது. சுகாசினி எட்டிப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, அந்த வண்டி மறையும் வரை கண்ணை எடுக்கவில்லை.

"முன்னாடியே ரெண்டு பேர ஏத்தியிருக்கான் பாருக்கா," என்றாள். "பாட்டு வேற."

அந்த முகத்தை மணிவண்ணனுக்குத் தெரியும். தன் வண்டிக் கண்ணாடியில், பஸ்ஸின் இளஞ்சிவப்பு பின்னால் தெரியும்போதெல்லாம், தன் முகமாகவே பார்த்திருக்கிறான்.

அவள் கடை நிறுத்தத்தில் இறங்கினாள். உமாபதி பையை எடுத்துக் கையில் கொடுத்தார். குடையை விரித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாண்டி, கடைப் பக்கம் வேகமாக நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் காசு கொடுத்திருந்தான். கடைசி நிறுத்தம் வரை போய், கோயில் மதிலை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்து, திரும்பவும் பத்து ரூபாய் கொடுத்து வந்தான்.

நாலாவது நாள் தூறல் விட்டிருந்தது. தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். வேலாயுதம் ஒன்றும் நடக்காததுபோல், "மந்திரி வந்துட்டாரு, டர்ன் குடுங்கபா" என்றார். வரிசைக் கடைசியில், ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளி, யேசுதாஸின் வண்டி நின்றிருந்தது. இன்னும் உள்ளே விடவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மணிவண்ணன் டர்ன் வரும் வரை காத்திருந்தான். பின்னால் ஐந்து பேர்தான் சேர்ந்தார்கள். அப்போது கணக்குப்பிள்ளை வந்து பின்னால் ஏறப் பார்த்தார்.

"சார், முன்னாடி வாங்க."

"பின்னாடி எடம் இருக்குதேப்பா."

"இருக்கட்டும். முன்னாடி பஞ்சு வெச்ச சீட்டு."

கணக்குப்பிள்ளை கனமான மனுஷர். மெரூன் ரெக்சின் அவருக்கு அடியில் பெருமூச்சு விட்டது. அந்தச் சத்தம் மணிவண்ணனுக்குப் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிளப்பினான்.

மார்க்கெட் நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தது. வழக்கமாக அதைத் தாண்டும்போது ஆக்சிலேட்டரை முறுக்குவான். இன்று விட்டுப்பிடித்தான். ஒவ்வொரு ஜன்னலாக, நடக்கிற வேகத்தில், வண்டி ஊர்ந்து போயிற்று. மேலே யாரோ யாரையோ இடித்தார்கள். ஒரு முகம் எட்டிப் பார்த்தது. மணிவண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளை நன்றாகத் தெரியும்படி தான் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டான்.

"இன்னாபா, பஸ்ஸ ஒட்டிக்கினே போற?" என்றார் கணக்குப்பிள்ளை. "தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"நம்ம டீசல்லதான் சார் ஓடுது அது," என்றான் மணிவண்ணன். "ஒழுங்கா ஓடுதான்னு பாத்தேன்."